“எரியவில்லை, சார்!”: வகுப்பறை மின்சுற்றுகளில் கோளாறு காணும் முறை

மின்சுற்றுப் பாடம் நடக்கும் நாளில் பிள்ளைகள் குழு குழுவாக அமர்ந்து செல், பல்ப், ஒயர் ஆகியவற்றை இணைத்துக்கொண்டிருக்கும்போது ஆசிரியரின் காதில் அதிகம் விழுவது “எரியவில்லை, சார்” என்னும் குரல்தான். உடனே அந்தக் குழுவிடம் போய், தளர்ந்திருக்கும் ஒயரை நம் விரலாலேயே அழுத்திவிட்டு, பல்ப் எரிந்ததும் அடுத்த குழுவுக்கு நகர்ந்துவிடுகிறோம். கடலூர் முதுநகரை அடுத்த ஒரு நடுநிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் செய்துவந்தேன். பல்ப் எரிந்தது, ஆனால் அது ஏன் எரியாமல் இருந்தது என்பது எனக்கு மட்டுமே தெரிந்தது. மின்சுற்றைப் பற்றி அறிய வேண்டியவற்றில் பாதி அந்தக் கோளாற்றுக்குள்தான் இருக்கிறது என்பதால், தேடும் வேலையை இப்போது பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறேன். தேடும் வரிசையை மட்டும் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

“எரியவில்லை” என்பது அறிகுறி அன்று, புகார் மட்டுமே. ஆகவே என் வகுப்பில் கையை உயர்த்தும் முன் ஒவ்வொரு குழுவும் மூன்று செய்திகளைப் பார்த்து வைத்திருக்க வேண்டும்: ஒரு கணமேனும் ஒளி தெரிந்ததா, ஏதாவது ஒரு பகுதி சூடாக இருக்கிறதா, முன்பு எரிந்து பிறகு நின்றதா அல்லது முதலிலிருந்தே எரியவில்லையா. இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால், கீழே உள்ள பகுதிகளில் எதைப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும்.

தொடங்கும் முன் இரண்டு ஏற்பாடுகள் தேவை. முதலாவது, பாதுகாப்பு. இங்கே சொல்லப்படுவன அனைத்தும் 1.5 வோல்ட் செல்களை வைத்து, அதிகம் போனால் 9 வோல்ட் வரை செய்யும் வேலைகள். சுவரிலுள்ள 230 வோல்ட் பிளக்கை எந்தச் செயல்பாட்டுக்கும் பயன்படுத்தக் கூடாது. கைப்பேசியிலிருந்து கழற்றிய லித்தியம் பேட்டரியும், பைக்கிலிருந்தோ படகிலிருந்தோ கொண்டுவரும் 12 வோல்ட் பேட்டரியும் வகுப்புக்குள் வரக் கூடாது. “12 வோல்ட் ஷாக் அடிக்காதே, சார்” என்று துறைமுகப் பக்கத்துப் பிள்ளைகள் வாதாடுவார்கள். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்தப் பேட்டரியின் இரு முனைகளும் ஒரு ஒயரால் ஒட்டிக்கொண்டால், சில நொடிகளில் ஒயர் பழுத்துச் சிவந்து, மேலுறை உருகி, தீப்பிடிக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாயும். பட்டன் செல்களைச் சிறு பிள்ளைகள் விழுங்கிவிடும் ஆபத்து இருப்பதால் அவற்றை நான் எண்ணிக் கொடுத்து, எண்ணித் திரும்ப வாங்குகிறேன்.

இரண்டாவது, சரியாக வேலை செய்கிறது என்று அன்று காலையிலேயே உறுதிசெய்த ஒரு சோதனைத் தொகுப்பு. இரண்டு புதிய செல்கள், ஒரு டார்ச் பல்ப், முதலை வாய்க் கவ்வி பொருத்திய இரண்டு ஒயர்கள் ஆகியவை இதற்குப் போதும். இந்தத் தொகுப்பை எந்தக் குழுவும் தன் செயல்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகப்படும் பொருளைச் சந்தேகமில்லாத பொருளோடு ஒப்பிட முடியாவிட்டால் கோளாறு தேடுவது இருட்டில் ஊசி தேடுவதாகிவிடும்.

ஒளியும் இல்லை, சூடும் இல்லை

இதுதான் அடிக்கடி வருவது. எங்கோ பாதை அறுந்திருக்கிறது என்பதே இதன் பொருள். பிள்ளைகள் உடனே “பல்ப் ஃபியூஸ், சார்” என்பார்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டு முறையாவது பல்ப் நன்றாகவே இருக்கும், இணைப்புதான் தவறியிருக்கும். ஆகவே மாற்றுப் பல்ப் கேட்டு வருபவர்களிடம், பழைய பல்பைச் சோதனைத் தொகுப்பில் வைத்து எரியவில்லை என்று காட்டிய பிறகே புதியதைத் தருகிறேன்.

பல்பும் செல்லும் தனித்தனியே தேறிவிட்டால், எஞ்சியிருப்பது பாதைதான். அதில் அறுந்த இடத்தைக் காண மல்டிமீட்டர் (அழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் அளக்கும் கருவி) இருந்தால், அதை நேர்மின்னோட்ட அழுத்தம் (DC) காட்டும் 20 வோல்ட் நிலையில் வைத்து, கறுப்பு முனையைச் செல்லின் எதிர்முனையில் நிலையாகப் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையைச் செல்லின் நேர்முனையில் தொடங்கிப் பாதை நெடுகிலும் ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். மின்னோட்டமே இல்லாத சுற்றில் பல்பைக் கடந்தாலும் ஒயரைக் கடந்தாலும் அழுத்தம் குறையாது. மீட்டர் 3 வோல்ட், 3 வோல்ட் என்றே காட்டிக்கொண்டு வந்து, ஓர் இடத்தைத் தாண்டியதும் திடீரென்று சுழியாகும். கடைசியாக 3 காட்டிய புள்ளிக்கும் முதன்முதலாகச் சுழி காட்டிய புள்ளிக்கும் நடுவில்தான் அறுந்த இடம் இருக்கிறது. ஸ்விட்சை மூடிய நிலையில் வைத்துத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். இல்லையென்றால் மீட்டர் நேர்மையாகத் திறந்த ஸ்விட்சைக் குற்றவாளியாகக் காட்டிவிடும்.

மீட்டர் இல்லாத பள்ளியில் ஒரு துண்டு ஒயர் போதும். சுற்றிலுள்ள ஒவ்வொரு பகுதியையும், அதாவது ஸ்விட்ச், ஒயர், செல் ஹோல்டரின் ஸ்பிரிங் ஆகியவற்றை, ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் துண்டால் பாலம் போட்டுப் பார்க்க வேண்டும். எதன்மீது பாலம் போட்டதும் பல்ப் எரிகிறதோ அதுவே கோளாறு. பல்பின் மீதும் செல்லின் மீதும் மட்டும் பாலம் போடக் கூடாது. ஏன் கூடாது என்பதைப் பிறகு பார்ப்போம்.

கடலூரில் இந்தத் தேடல் பெரும்பாலும் செல் ஹோல்டரில் முடியும். உப்புக் காற்றில் ஸ்பிரிங்கும் தகடும் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்துப்போகின்றன. செல் கழிந்த பிறகும் எடுக்காமல் விட்டிருந்தால் அதிலிருந்து கசிந்த நீரும் சேர்ந்துகொள்ளும். உப்புத்தாளால் பளபளப்பு வரும் வரை தேய்த்தால் போதும். ஒரு மாணவன், தன் வீட்டுப் படகின் பேட்டரி முனையில் கிரீஸ் தடவி வைப்பார்கள் என்று சொன்னதிலிருந்து, தேய்த்துச் சுத்தம் செய்து இணைத்த பிறகு வெளிப்புறத்தில் சிறிது வாசலின் தடவி வைக்கிறோம். கிரீஸோ வாசலினோ மின்சாரத்தைக் கடத்தாது. காற்றையும் ஈரத்தையும் தடுப்பது மட்டுமே அதன் வேலை. தொடும் இரு பரப்புகளுக்கும் நடுவே அதை அப்பிவிட்டால் புதிய கோளாறு ஒன்று பிறக்கும்.

மீதமுள்ள காரணங்கள் எளியவை. ஹோல்டரில் இரண்டு செல்களும் எதிரெதிராக இருந்தால் மொத்த அழுத்தம் சுழி. ஒயரின் பிளாஸ்டிக் உறை முழுமையாக உரிக்கப்படாமல் இருக்கலாம். பல்லால் உரிப்பதை அடியோடு தடுத்து, நகவெட்டியையோ சிறு உரிப்பானையோ கொடுக்க வேண்டும். சுருளாகச் சுற்றும் செப்புக் கம்பியின் மேல் மின்சாரத்தைக் கடத்தாத எனாமல் பூச்சு இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது, ஏனெனில் பார்வைக்கு அது வெறும் செம்பாகவே தோன்றும். நுனியை உப்புத்தாளால் சுரண்டினால் நிறம் மாறுவதை அவர்களே காண்பார்கள்.

திறந்த சுற்று என்றால் என்ன என்று விளக்க எங்கள் பக்கத்தில் பாடப்புத்தகத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று “தானே” புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, நாள் கணக்கில் ஊர் இருளில் கிடந்தது. எங்கோ மின்சாரம் உற்பத்தியாகிக்கொண்டுதான் இருந்தது, வீட்டில் பல்பும் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் பாதை இல்லை. இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவில்லை என்றாலும், பெற்றோரிடம் கேட்டு வந்து இதை எனக்கே விளக்குகிறார்கள்.

எரிகிறது, ஆனால் மங்கலாக

ஒளி தெரிந்துவிட்டால் பாதை முழுமையாக இருக்கிறது என்று பொருள்; ஆகவே ஒயர்களைப் பிரித்து மீண்டும் கட்டுவது வீண் வேலை. இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டியது செல். ஆனால் செல்லைச் சோதிக்கும் முறையில்தான் ஆசிரியர்களே தவறுகிறார்கள். செல்லைத் தனியே எடுத்து மீட்டர் வைத்தால் பழைய செல்கூட 1.4 வோல்ட் காட்டும். அதே செல்லோடு பல்பை இணைத்து, பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே செல்லின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் 0.9 அல்லது அதற்கும் கீழே சரிந்திருப்பது தெரியும். செல்லின் உள்ளேயே ஒரு மின்தடை இருப்பதும், செல் பழையதாக ஆக அது கூடுவதும்தான் காரணம். சும்மா இருக்கும் ஆளைப் பார்த்து அவனுடைய பலத்தை அறிய முடியாது, மூட்டையைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதுண்டு. துறைமுகத்தில் சுமை இறக்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது உடனே பிடித்துப்போகும்.

மூன்று செல் ஹோல்டரில் ஒன்று மட்டும் திரும்பி இருந்தாலும் இதே அறிகுறிதான் தோன்றும். 4.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் இரண்டு செல்களின் 3 வோல்ட்டிலிருந்து ஒன்றின் 1.5 கழிந்து, 1.5 வோல்ட்தான் கிடைக்கும். பல்ப் எரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. அப்படியே நெடுநேரம் விட்டால் திரும்பியிருக்கும் செல் கசியக்கூடும்.

பல்பின் உலோகக் கழுத்தைப் பார்க்கவும் பழக்க வேண்டும். 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்பது போன்ற எண்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலைக் கடைகளில் “டார்ச் பல்ப்” என்று மட்டும் கேட்டு வாங்கினால் 2.5, 3.8, 6 வோல்ட் என எல்லாம் கலந்து ஒரே பொட்டலத்தில் வந்துவிடும். 6 வோல்ட் பல்பை இரண்டு செல்லில் போட்டால் அது சிவப்பாகக் கண் சிமிட்டுவதோடு சரி.

வரிசையில் இரண்டு பல்ப். ஒன்று பளிச்சென்று, மற்றது மங்கலாக

இந்த அறிகுறியைப் பழுதாகக் கருதி வேகமாகச் சரிசெய்துவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மின்சுற்றுப் பாடத்தில் பிள்ளைகள் மனத்தில் ஆழமாக வேரூன்றும் தவறான கருத்து இங்கேதான் பிறக்கிறது. தொடரிணைப்பில் முதல் பல்ப் பளிச்சென்று எரிந்து, இரண்டாவது மங்கினால், “முதல் பல்ப் கரண்ட்டைக் குடித்துவிட்டது, மிச்சம்தான் இரண்டாவதுக்குப் போகிறது” என்று முடிவுகட்டுவார்கள். கண்ணால் பார்த்ததாயிற்றே, ஆசிரியர் எத்தனை முறை மறுத்துச் சொன்னாலும் கண்ணைத்தான் நம்புவார்கள்.

ஆகவே மறுத்துச் சொல்ல வேண்டாம். இரண்டு பல்புகளையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். செல்லின் நேர்முனைக்கு அருகிலிருந்த பல்பைத் தள்ளி வைத்து, தள்ளியிருந்ததை அருகில் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்று மாற்றுவதற்கு முன்பே தாளில் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர், அருகில் வந்த பல்ப் பளிச்சென்று ஆகும் என்று எழுதுவார்கள். மாற்றிப் பார்த்தால், மங்கலாக எரிந்த பல்ப் எங்கே போனாலும் மங்கலாகவே இருக்கும். இடம் காரணமில்லை, பல்ப்தான் காரணம் என்பது அந்தக் கணத்தில் தெரிந்துவிடும். வகுப்பில் ஒரு சிறிய அமைதி நிலவும்; அதைக் கலைக்காமல் விட வேண்டும்.

அதன்பின் கழுத்தில் பொறித்த எண்களைப் படிக்கலாம். 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்ப் முழு ஒளியில் எரியும்போது அதன் மின்தடை ஏறத்தாழ 8 ஓம், 3.8 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்புக்கு ஏறத்தாழ 13 ஓம். இரண்டின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் பாயும்போது மின்தடை அதிகமானதே அதிக ஆற்றலைப் பெறும், அதுவே பளிச்சிடும். மீட்டர் இருந்தால் சுற்றை மூன்று இடங்களில், அதாவது முதல் பல்புக்கு முன்பும், இரண்டு பல்புகளுக்கு நடுவிலும், இரண்டாவதற்குப் பின்பும் திறந்து, அந்தத் திறப்பில் மீட்டரைப் புகுத்தி மின்னோட்டத்தை அளக்கலாம். மூன்று இடத்திலும் ஒரே எண் வரும்போது “குடித்துவிட்டது” என்ற சொல் தானாகவே வழக்கொழிகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. யாராவது ஓர் ஆர்வமான பிள்ளை, எரியாத பல்பின் மின்தடையை மீட்டரால் அளந்து, 8 ஓம் வர வேண்டியதற்கு 1 ஓம் அளவே வருகிறதென்று ஓடிவரும். மீட்டர் கெடவில்லை. டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது உள்ள மின்தடை, அது வெண்சூட்டில் ஒளிரும்போது ஏறத்தாழ பத்து மடங்காகிறது. அழுத்தம் கூடும் அதே விகிதத்தில் மின்னோட்டமும் கூடும் என்று ஜெர்மன் அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதியைப் பல்பை வைத்துச் சரிபார்க்க முயன்றால் வரைபடம் வளைந்துபோவதற்கும் இதுவே காரணம்; அந்தச் சோதனைக்கு மின்தடையம் எனப்படும் ரெசிஸ்டரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஒரு பல்பைக் கழற்றினால் இரண்டும் அணைவதைக் காட்டப் பாடலீஸ்வரர் கோயில் திருவிழாவில் தொங்கும் சீரியல் செட்டை நினைவூட்டினால் போதும். அதை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பல்ப் ஒவ்வொன்றும் சிறியதாக இருந்தாலும் அந்தச் சரம் வீட்டு மின்சாரத்தில் ஓடுவது.

பல்ப் அணைந்திருக்கிறது, ஆனால் ஒயர் சுடுகிறது

வேறெதையும் யோசிக்காமல் முதலில் ஒரு செல்லை ஹோல்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். இது ஷார்ட், அதாவது பல்பைத் தவிர்த்துச் செல்லின் இரு முனைகளும் நேரடியாக இணைந்துவிட்ட நிலை. முன்பு பல்பின் மீதும் செல்லின் மீதும் பாலம் போடக் கூடாது என்றது இதற்காகத்தான்.

இந்தக் கோளாற்றின் மிகச் சுவையான வடிவம், ஸ்விட்சை அழுத்தினால் பல்ப் அணைகிறது, விட்டால் எரிகிறது என்று ஒரு குழு வந்து சொல்வது. அவர்கள் மிகுந்த பெருமையோடு “தலைகீழ் ஸ்விட்ச்” செய்துவிட்டதாகச் சொல்வார்கள். உண்மையில் ஸ்விட்சைப் பல்போடு தொடராக இணைக்காமல், பல்புக்குப் பக்க இணைப்பாக மாட்டியிருக்கிறார்கள். அழுத்தியதும் மின்னோட்டத்துக்குப் பல்பைவிடப் பல மடங்கு எளிதான வழி கிடைக்கிறது; பல்ப் அணைகிறது, செல் வேகமாகத் தீர்கிறது. இதைத் திட்டாமல், ஸ்விட்சை அழுத்திப் பத்து எண்ணும் வரை பிடித்துவிட்டுச் செல்லைத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் இளஞ்சூடு தெரியும். சாதாரண துத்தநாக–கார்பன் செல்லாக இருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டும், பத்தைத் தாண்டக் கூடாது. பிறகு சுற்றின் படத்தை வரையச் சொன்னால், தவறு எங்கே என்று அவர்களே விரல் வைத்துக் காட்டுவார்கள். சுற்றை முதலில் வரைந்து பிறகு கட்டும் குழுவிடம் இந்தத் தவறு அரிதாகவே நேர்கிறது.

பல்லிழை ஒயரின் நுனியிலிருந்து மயிர் போன்ற ஓர் இழை பிரிந்து அடுத்த முனையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறி வரும். நுனியை முறுக்கிய பின்பே இணைக்க வேண்டும். மேசை தகரத்தால் ஆனதாக இருந்தால் மேலே ஒரு செய்தித்தாளை விரித்துவிடுங்கள்.

தொட்டால் எரிகிறது, விட்டால் அணைகிறது

இணைப்பு தளர்ந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். எந்த இணைப்பு என்பதுதான் கேள்வி. சுற்றை எரியவிட்டு, ஒருவர் பல்பை மட்டும் கவனிக்க, மற்றொருவர் பென்சில் முனையால் ஒவ்வோர் இணைப்பையும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் பல்ப் கண் சிமிட்டும் இடத்தில் நிறுத்தலாம். அலுமினியத் தாளைக் கொண்டு வாழ்த்து அட்டையில் செய்யும் சுற்றுகளில் காரணம் பெரும்பாலும் செலோடேப்தான். இரண்டு தாள் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும்போது நடுவே பசை புகுந்துவிடுகிறது, பசை கடத்தாது. மடித்து அழுத்திவிட்டு, டேப்பை மேலிருந்து மட்டும் ஒட்ட வேண்டும்.

பல்ப் எரிகிறது, அதே இடத்தில் எல்.இ.டி. எரியவில்லை

எல்.இ.டி.க்குத் திசை உண்டு. நீளமான கால் நேர்முனையை நோக்க வேண்டும். கால்களை வெட்டிவிட்டிருந்தால், விளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்முனை. திருப்பிப் போட்டும் எரியவில்லை என்றால் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட்டும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஏறத்தாழ 3 வோல்ட்டும் வேண்டும். எனவே ஒரே செல்லில் எதுவும் எரியாது. பழைய இரண்டு செல்லில் சிவப்பு எரியும், வெள்ளை எரியாது. சிவப்பையும் வெள்ளையையும் ஒரே மின்தடையத்தின் பின்னால் பக்க இணைப்பில் போட்டால் சிவப்பு மட்டும் எரிந்து வெள்ளை அணைந்தே கிடக்கும், ஏனெனில் சிவப்பு அந்த இடத்தின் அழுத்தத்தை 2 வோல்ட்டிலேயே நிறுத்திவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்தடையம் கொடுப்பதே வழி.

ஒரு கணம் பளீரென்று எரிந்து பிறகு என்றென்றைக்கும் அணைந்துவிட்டால் 9 வோல்ட் பேட்டரியில் மின்தடையம் இல்லாமல் இணைத்திருக்கிறார்கள். கணக்கு எளிது: 9இலிருந்து 2ஐக் கழித்தால் 7 வோல்ட், 15 மில்லி ஆம்பியர் பாய வேண்டுமானால் 467 ஓம், கடையில் கிடைப்பது 470. அதன் மதிப்பைக் காட்டும் நிற வளையங்கள் மஞ்சள், ஊதா, பழுப்பு. இங்கே இன்னோர் அறிகுறியும் சேர்கிறது: எல்லாம் சரியாக இருந்தும் எல்.இ.டி. மின்மினி அளவுக்கே ஒளிர்கிறது என்றால் மூன்றாவது வளையத்தை வெயிலில் வைத்துப் பாருங்கள். பழுப்புக்குப் பதிலாக ஆரஞ்சாக இருந்தால் அது 47,000 ஓம். மழைக்கால வகுப்பறை வெளிச்சத்தில் இந்த இரண்டு நிறங்களும் எனக்கே பலமுறை மாறிப்போயிருக்கின்றன.

மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பொம்மைகளை வாங்கி, அவற்றிலிருந்து கழற்றிய மோட்டார்கள்தான் எங்களிடம் அதிகம். விரலால் லேசாகத் தள்ளிவிட்டதும் சுற்றத் தொடங்கினால் செல்லின் பலம் போதவில்லை என்று பொருள். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் மோட்டார் மிக அதிக மின்னோட்டத்தைக் கேட்கும். அதனால்தான் மோட்டாரோடு பக்க இணைப்பில் இருக்கும் பல்ப் மோட்டார் கிளம்பும் கணத்தில் மங்குகிறது. 9 வோல்ட் பேட்டரியைப் போட்டால் வேகமாகச் சுற்றும் என்று நினைப்பது தவறு. அதற்குள் இருப்பது ஆறு சிறிய செல்கள்; அவற்றின் உள் மின்தடை அதிகம். பெரிய அளவு 1.5 வோல்ட் செல் இரண்டே நன்றாக இழுக்கும். தள்ளியும் சுற்றவில்லை என்றால் அச்சில் துருவோ தலைமுடியோ சிக்கியிருக்கும். எதிர்த்திசையில் சுற்றுவது கோளாறே அல்ல, ஒயர்களை மாற்றிப் பிடித்தால் சரியாகும்.

மின்காந்தம் குண்டூசியைத் தூக்கவில்லை

எனாமலைச் சுரண்டாமை முதற்காரணம், அதை மேலே சொல்லிவிட்டேன். இரண்டாவது காரணம் பார்த்தவுடன் தெரியாது: ஆணியில் கம்பியைச் சுற்றிக்கொண்டு போய், திரும்பி வரும்போது எதிர்த்திசையில் சுற்றிவிடுவது. முன் சுற்றின் காந்தப்புலத்தைப் பின் சுற்று அழித்துவிடும். திசைகாட்டியை அருகில் கொண்டுபோனால் ஊசி அசையாமல் இருப்பதிலிருந்து இதை அறியலாம். மின்னோட்டம் பாயும் கம்பியருகே டென்மார்க் அறிஞர் ஓர்ஸ்டெட் 1820இல் கண்ட அதே அசைவைத்தான் இங்கே தேடுகிறோம். இணைப்பைத் துண்டித்த பிறகும் ஊசிகள் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆணி எஃகு கலந்தது. வேறு ஆணி எடுக்க வேண்டும். சுற்று குறைவாக இருந்தால் செல் சூடாகும் என்பதால் ஐந்து நொடிக்கு மேல் இணைத்து வைக்க வேண்டாம்.

எலுமிச்சையில் வோல்ட் வருகிறது, பல்ப் எரியவில்லை

எரியாது. செப்புக் காசும் துத்தநாகம் பூசிய ஆணியும் குத்திய ஓர் எலுமிச்சை ஏறத்தாழ 0.9 வோல்ட் தரும், ஆனால் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியர் அளவைக்கூடப் பெரும்பாலும் எட்டாது. டார்ச் பல்புக்கு 300 வேண்டும். நான்கு பழங்களைத் தொடராக இணைத்துச் சிவப்பு எல்.இ.டி. போட்டு, அறையை இருட்டாக்கினால் மங்கலாகத் தெரியும். அந்தப் பழங்களைப் பிறகு யாரும் சாற்றுக்குப் பிழியக் கூடாது, துத்தநாகம் கரைந்திருக்கும்.

மீட்டர் எதையுமே காட்டவில்லை

மின்னோட்டத்தை மட்டும் காட்டாமல் அழுத்தத்தை ஒழுங்காகக் காட்டினால், யாரோ அதை ஆம்பியர் நிலையில் வைத்துக்கொண்டு நேராகச் செல்லின் இரு முனைகளில் வைத்திருக்கிறார்கள், உள்ளே ஃபியூஸ் போயிருக்கிறது. எந்த நிலையிலும் எண்களே தெரியவில்லை என்றால் மீட்டரின் பேட்டரி தீர்ந்திருக்கிறது. திரையின் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்றால் பெரும்பாலும் அளவு எல்லையைத் தாண்டியது என்று பொருள். அதைக் கோளாறு என்று நினைத்து மீட்டரை ஒதுக்கிவைத்த பள்ளியை நான் பார்த்திருக்கிறேன்.

நேற்று எரிந்தது, கண்காட்சி அன்று காலை எரியவில்லை

முந்தைய மாலை ஸ்விட்சை மூடியபடி விட்டுப் போயிருந்தால் செல் தீர்ந்திருக்கும், மாற்றினால் போதும். ஸ்விட்ச் திறந்துதான் இருந்தது என்றால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஓரிரவு ஈரமே வெறும் ஒயர் முறுக்குகளைக் கெடுக்கப் போதுமானது. ஒவ்வொரு முறுக்கையும் பிரித்து, தேய்த்து, மீண்டும் முறுக்க நேரம் இல்லை. முறுக்கிய நிலையிலேயே நுனிவிரலால் அழுத்தித் திருகிப் பாருங்கள், பெரும்பாலும் எரிந்துவிடும். வண்டியில் அட்டையை ஏற்றி இறக்கும்போது பல்ப் ஹோல்டரில் சற்றுத் தளர்ந்திருப்பதும் உண்டு.

கண்காட்சி முடிந்ததும் செல்களைக் கழற்றி, மற்ற பொருள்களை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறோம். இழை அறுந்த பல்ப், உள்ளே முறிந்த ஒயர், ஃபியூஸ் போன எல்.இ.டி. ஆகியவற்றை எறிவதில்லை. அவற்றுக்கென்று தனியே ஒரு டப்பா இருக்கிறது. அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பார் மின்சுற்றுப் பாடத்துக்கு வரும்போது, அதிலிருந்து ஒரே ஒரு பழுதான பொருளை எடுத்து, நல்ல சுற்றுக்குள் யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டு, குழுவிடம் கொடுத்து, எத்தனை சோதனையில் அதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கரும்பலகையில் குறித்துக்கொண்டு வருகிறேன். இதுவரை மிகக் குறைவு, மூன்று.